அலசிய சோளம்

மெர்வின் பிக்ஃபோர்டுக்குச் சமையல் தெரியாது என்று இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் யாராவது சொன்னால் அது சுத்த அபாண்டம். மனைவி கிளெனிஸுக்கு அவன் ஒரு முட்டைகூட வேகவைத்துக் கொடுத்ததில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு வாரம் தூண்டில் போடப் போகும் பிரான்ஸ் ஏரியில் இருக்கும் கெண்டை மீன்களுக்கு அவன் செய்யாத பணிவிடை கிடையாது. மக்காச்சோளம், சணல் விதை, கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரு பகல் ஒரு இரவு ஊறவைப்பான். அப்புறம் விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதம் வரும்வரை அடுப்படியைவிட்டு நகராமல் வேகவைப்பான். அரைவேக்காட்டைத் தின்றால் மீனுக்கு வயிறு ஊதி உயிரே போய்விடுமாம். அந்தப் பாவம் நமக்கெதற்கு என்பான். பிறகு வெந்த தண்ணீரோடே வாளிகளில் மூடிவைத்து ஒரு வாரம் புளிக்கவிட வேண்டும். மூக்கொழுகுகிற மாதிரி நூல் விடும்போதுதான் அது இரை. கொழகொழப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது இங்கிலாந்துத் தூண்டில்காரர்களுக்கு வேதவாக்கு.

இவ்வளவும் மீனைத் தின்பதற்கா என்றால் அதுவும் இல்லை. பிடித்த மீனை ஈர மெத்தையில் கிடத்துவார்கள், தூண்டில் கிழித்த உதட்டுக்கு மருந்து தடவுவார்கள், குழந்தை மாதிரி ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு முத்தமும் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். போன குளிர்காலத்தில் கிளெனிஸ் கணுக்கால் பிசகிக் கிடந்தபோது மருந்து தடவ வேண்டும் என்று மெர்வினுக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருஷம் அவனுக்குக் கெடு வைத்தவன் லயனல். தூண்டில் கடை வைத்திருப்பவன். பிரான்ஸுக்குப் போகும் வேனும் அவனுடையதுதான். போன இரண்டு வருஷமும் மெர்வின் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. பப்பில் எல்லோர் முன்னிலையிலும் லயனல் சொல்லிவிட்டான்.

"டேய் மெர்வின், வெறுங்கையோட வர்றதுக்கு எதுக்குடா வேன்ல ஒரு சீட்டு? இந்தத் தடவையும் பிடிக்கலேன்னா உன் எடத்துல என் மச்சானை ஏத்திக்கறேன்."

வருஷம் முழுக்கக் குழாய் ரிப்பேர் பார்க்கிற மெர்வினுக்கு அந்த ஒரு வாரம்தான் வாழ்க்கை. அந்த சீட்டு போனால் எல்லாம் போன மாதிரி. பயந்துபோனவன் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் புளிக்கவைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கிளம்புகிற அன்று காலையில் வாளி மூடியைத் திறந்தான். நூலும் இல்லை, நாற்றமும் இல்லை. தெளிந்த தண்ணீரில் பொன் நிறத்தில் சோளம் பளபளத்தது.

"கிளெனிஸ்! இதுல யாரு கைய வெச்சது?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"எப்பவும்விட நாறுச்சு, எல்லாம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீ அவ்ளோ தூரம் போயி ஏமாந்து நிப்பியேன்னு ஒவ்வொரு வாளியா நல்ல தண்ணில அலசி வெச்சேன். முதுகு விட்டுப்போச்சு, மெர்வின்."

"அந்தத் தண்ணி எங்க?"

"ரோஜாவுக்கு ஊத்திட்டேன்."

"அறிவில்லாதவளே! என் குடியக் கெடுத்துட்டியே! உன்னை யாரு இதத் தொடச் சொன்னா?"

அவள் துண்டை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பும்போது அவள் முகத்தைப் பார்த்த மெர்வினுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அதற்குள் வாசலில் லயனல் ஹாரன் அடித்தான். இவன் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பிரான்ஸில் அவன் ஏரியின் கடைக்கோடியில் போய் உட்கார்ந்துகொண்டான். தன் வாளி நாறவில்லை என்பது தெரிந்தால் மானம் போய்விடும். லயனலும் மற்றவர்களும் புளித்ததை அள்ளி அள்ளித் தண்ணீரில் வீசினார்கள். ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. கோடை முழுக்க வந்துபோன இங்கிலீஷ் கூட்டங்களெல்லாம் அதே கூழைத்தான் கொட்டியிருந்தன. மீனுக்கும் சலித்துப்போகாதா என்ன! மூன்றாம் நாள் மெர்வினின் தூண்டில் மணி அலறியது. வந்தது அந்த ஏரியிலேயே பெரிய கெண்டை. ஏரிக்காரர் பெர்த்ராண்டே தொப்பியைக் கழற்றிவிட்டார். அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று.

லயனல் வாளிக்குள் தலையைவிட்டு மோந்து பார்த்தான்.

"டேய், வாசனையே இல்லையேடா! என்னடா பண்ணினே?"

உண்மையைச் சொல்ல மெர்வின் வாயைத் திறக்கத்தான் செய்தான்.

"என் சொந்த ஆராய்ச்சி," என்று வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் பப்பில் விருந்து. வீட்டம்மாக்களும் வந்திருந்தார்கள். மீனை ஏந்திய மெர்வின் படமாகச் சுவரில் தொங்க, மீனில்லாத மெர்வின் அதன் கீழே நின்று பிரசங்கம் செய்தான்.

"புளிக்க வைக்கறது பாமரனோட வேலை. அதுக்கப்புறம் அலசணும் பாருங்க, அங்கதான் மூளை வேணும். எத்தனையோ வருஷம் யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்."

"சீட்டு உனக்குத்தான் ராசா, ஆயுசுக்கும்!" என்று லயனல் கோப்பையை உயர்த்தினான்.

கிளெனிஸ் தன் கோப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"அப்படியா மெர்வின்? அப்புறம் எதுக்கு அன்னிக்கு என்னை அறிவில்லாதவளேன்னு திட்டினே?"

மெர்வின் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"அப்ப அலசினது யாரு?" என்றான் லயனல்.

"நான்தான். நாத்தம் தாங்கல, கெட்டுப்போச்சுன்னு அலசிட்டேன். அந்தத் தண்ணிய ஊத்தின ரோஜாச் செடியும் பட்டுப்போச்சு."

லயனல் மெர்வினுக்கு முதுகைக் காட்டித் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"கிளெனிஸ், உங்கிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு. வேன்ல எடம் இருக்கா?"

லயனல் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். அதன் கீழே நின்றவனையும் பார்த்தான்.

"இப்ப இருக்கு," என்றான்.