ஆறடிக்கு மூன்றடி மஞ்சள்

திங்கட்கிழமை எங்கள் தெருவின் நிறத்தை மாற்றினார்கள். நகர வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம். நாங்கள் நீலமானோம். நீலத்தில் நிற்கலாம், விற்கலாம். உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது.

என் மனைவி தனபாக்கியம் இறந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை முதல் அதை நின்றுகொண்டே செய்தாள்.

சுவரில் சாய்ந்திருந்த அவளிடம் வந்தவர்கள் விலை கேட்டார்கள். "இன்னும் எதுவும் வரலீங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். யாரையும் வெறுமனே அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

"ஏங்க, ஒரே ஒரு தடவை படுக்கணும் போல இருக்கு" என்றாள்.

அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். நான் நடக்க நடக்க அதன் நடைக்கூடம் நீண்டது. படிவத்தில் தற்போதைய பயன்பாடு என்ற இடத்தில் 'நிற்பது' என்று எழுதினேன். உத்தேசப் பயன்பாடு: 'படுப்பது'.

"எவ்வளவு இடம்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆறடிக்கு மூணடி சார். ஒரு கட்டில்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்."

அவர் யோசித்தார். "பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுட்டா யாரும் கைவைக்க முடியாது. அம்மாவுக்கு நூறு வயசு ஆச்சா?"

"அறுபத்து மூணு."

"அப்போ முப்பத்தேழு வருஷம் கழிச்சு வாங்க." அவர் குரலில் கோபமே இல்லை. காலண்டரில் குறித்தும் வைத்தார். "நிறத்தை மாத்தறதுன்னா, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு இருபத்தொரு நாள் காத்திருக்கணும்."

"யார் காத்திருக்கணும்?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அது எழுதப்படவில்லை. "யாராவது" என்றார்.

தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு ஹபீப் பாய் திங்கட்கிழமையிலிருந்து குடை விற்கிறார். விஷயத்தைக் கேட்டதும் குடைகளை மடக்கினார்.

"ஆளுக்கு ஒரு நாள் நின்னா இன்னைக்கே முடிஞ்சுது. கடையச் சாத்துங்கப்பா!"

"பாய், உங்க குடையத்தான் யாரும் வாங்கலையே, சாத்தறதுக்கு என்ன?" என்றாள் மிட்டாய் விற்ற பூரணம். அவளும் சாத்தினாள்.

நடைக்கூடத்தில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு நாள் ஒரே நேரத்தில் போனது. ஆண்களுக்கெல்லாம் ஒரு நாள் தாடி வளர்ந்தது. பூரணத்தின் தலையில் இருந்த பூ வாடியது. அதிகாரி எண்ணினார். இருபது நாள்.

"நான் நிக்கிறேன் சார்."

"விண்ணப்பதாரர் நிக்கக் கூடாது."

மூலையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த ஜெபமணி அளவுகோலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றார். இருபத்தொன்று.

ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

ஜெபமணியே வரைபடத்தோடு என்னுடன் வீட்டுக்கு வந்தார். அவரிடம் அரை விரல் நீளத்துக்குத்தான் மஞ்சள் பென்சில் இருந்தது. வரைபடத்தில் சிறு கட்டம் போட்டு உள்ளே தேய்த்தார். தரை மஞ்சளானது. அதில் கட்டிலைப் போட்டோம். தனபாக்கியம் படுத்தாள்.

"அப்பாடா" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பென்சில் தீர்ந்துவிட்டது. நான் நீலத்தில் நின்றேன். அவள் கை என்னைத் தேடி மஞ்சளின் ஓரம் வரை வந்தது. அங்கே நின்றது.

ஜெபமணி வெகுநேரம் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்.

"ஐயா, இந்தக் கோட்டைப் பாருங்க. காகிதத்துல நூல் மாதிரி இருக்கு. தரையில இது ஒன்றரை அடி. கோட்டுக்கு நிறம் கிடையாது. அதுல என்ன செய்யலாம், கூடாதுன்னு யாரும் எழுதல."

"உக்காரலாமா?"

"உக்காருங்கய்யா."

எழுதாமல் விட்ட இடத்தைக் கடவுள் யாருக்காகவோ வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முழங்காலை மடக்கிக் கோட்டில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

வாசலில் யாரோ விலை கேட்டார்கள். "இன்னும் எதுவும் வரலீங்க" என்று ஜெபமணி சொல்வது கேட்டது.

தனபாக்கியம் கண்ணைத் திறந்தாள். "வந்தவங்களுக்குத் தண்ணி?"

"குடுக்கறார்."

கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அனுமதி முடிந்தது. அவள் பாதத்திலிருந்து மஞ்சள் மெல்ல நீலமாகத் தொடங்கியது. முழங்கால், இடுப்பு, திருநீறு பூசிய நெற்றி. கோட்டின் மேல் இருந்த கை மட்டும் எந்த நிறமும் ஆகவில்லை.

அதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.