செம்புச்சிட்டு திரும்பி வந்த புதன்கிழமை

புதன்கிழமை என்றால் புதுக் காமிக்ஸ் வரும் நாள். டொலிடோ நகரத்தில் லைலின் காமிக்ஸ் கடைக்குள் வேலை முடிந்த கையோடு ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள்; எல்லாரும் தொப்பை விழுந்த பிள்ளைகள். ஓரின் ஹாஸ்கெட் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் பார்க்கிறவர். மகள் கோரின் பெயரில் அங்கே ஒரு பெட்டி இருந்தது. அவள் அட்டையில் எழுதிக் கொடுத்த இதழ்களை லைல் வாராவாரம் அதில் எடுத்து வைப்பான். அவள் இறந்து பதினெட்டு மாதமாகியும் பெட்டியை மூடிவிடு என்று சொல்ல ஓரினுக்கு வாய் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை போய், அதில் சேர்ந்திருப்பதை வாங்கிவந்து அவள் அறையில் அடுக்குவார். ஒன்றையும் பிரித்ததில்லை. மனைவி ஆர்டித்தும் ஒன்றும் கேட்டதில்லை.

இன்று மட்டும் பிரித்துப் பார்க்கத்தான் வந்திருந்தார். கோரினுக்குப் பிடித்த காமிக்ஸ் நாயகி செம்புச்சிட்டு உயிரோடு திரும்பிவிட்டாள் என்று காலைப் பேப்பரில் போட்டிருந்தது.

போன வருஷப் பனிக்காலத்தில்தான் அவளைக் கொன்றார்கள். பதிப்பகத்தில் இருந்த அத்தனை வீரர்களையும் ஒரே மகாயுத்தத்துக்குள் இழுத்துவிட்டு, முப்பது இதழுக்கு நீட்டி முழக்கி, கடைசியில் அந்தப் பெண்ணைப் பலி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு கோரின் அதைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ரெண்டே வருஷம்மா," என்றார் ஓரின். "எழுப்பிக் கூட்டிட்டு வந்துருவாங்க. இவனுங்க எவனையாவது ஒழுங்கா சாக விட்டிருக்கானுங்களா?"

"இந்தத் தடவை அப்படி இல்லப்பா. இந்தச் சாவு நிலைச்சு நின்னுரும்."

"பந்தயம்?"

"பந்தயம். அவ வந்துட்டான்னா நான் அழுததெல்லாம் பொய்யாயிடும்பா."

அந்தச் சண்டையை அவர் வேண்டுமென்றே தினமும் வளர்த்தார். 'ரெண்டு வருஷம் கழிச்சு' என்று வாய் கூசாமல் சொல்வதற்கு அந்த அறையில் வேறு விஷயம் இல்லை.

கடையில் முன்னால் நின்றவன் உரக்கச் சொன்னான்: "இங்க செத்தவன் திரும்பி வந்துடுறான், வரிசைதான் நகர மாட்டேங்குது." எல்லாரும் சிரித்தார்கள். ஓரினும் சிரித்துவைத்தார்.

பெட்டியில் பதினோரு இதழ்கள் இருந்தன. செம்புச்சிட்டு திரும்பி வந்த இதழ் இல்லை. இரண்டாம் முறை தேடினார்.

"அதை நான் வைக்கல, ஓரின்," என்ற லைல், கோரினின் அட்டையைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் அவள் கையெழுத்து கோணிக்கொண்டு ஓடியது. 'செம்புச்சிட்டு திரும்பி வந்தால் எனக்கு வேண்டாம். மறந்தும் வைக்காதே.'

"ஆஸ்பத்திரியிலேருந்து அட்டையைக் கேட்டு வாங்கி எழுதி அனுப்பினா. இங்க எல்லாரும்தான் இனிமே வாங்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க, அடுத்த வாரமே பல்லை இளிச்சிக்கிட்டு வந்து நிப்பாங்க. நான் காதுலயே போட்டுக்க மாட்டேன். இவ சொன்னதை மீற மனசு வரல."

ஓரின் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார், அதுவும் சொன்ன கெடுவுக்கு நாலு மாதம் முன்னாலேயே. யாரிடம் போய்ச் சொல்வது? அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எனக்கு."

"தெரிஞ்சா உங்களைத் திட்டுவா."

"திட்டட்டும். வந்து திட்டட்டும்," என்றார் ஓரின். லைல் குனிந்து பையைத் தேட ஆரம்பித்தான்.

வண்டிக்குள் உட்கார்ந்து படித்தார். காலம் பின்னோக்கிச் சுழன்றதாம், சாவே நடக்கவில்லையாம். ஊரில் ஒருவருக்கும் சவ அடக்கம் ஞாபகமில்லை. செம்புச்சிட்டு கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். அடுப்படியில் நின்ற தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'கையைக் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது' என்கிறாள். அந்தத் தாய்க்கு முடி கன்னங்கரேலென்று இருந்தது. போன வருஷ இதழில், அடக்கத்தன்று ஒரே ராத்திரியில் அவளுக்குத் தலை முழுக்க வெளுத்துப்போனதாக வரைந்திருந்தார்கள். 'பாருப்பா, இதை இனி எப்படி மாத்துவாங்க?' என்று கோரின் அந்தப் பக்கத்தை அவர் மடியில் வைத்துக் கேட்டிருந்தாள். மாற்றிவிட்டார்கள். ஒரு நரைகூட விடவில்லை.

வெறும் காகிதத் தாய்மேல் ஓரினுக்குப் பொறாமை! மகளை இப்படித் திருப்பித் தரட்டுமா என்று தன்னிடம் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பார்: அழுததையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியை, பந்தயத்தை, எல்லாவற்றையும் மறக்கடித்துவிடுங்கள். அப்படி நினைத்ததே மகளுக்குச் செய்த துரோகம் என்றும் பட்டது.

வீட்டு முன்னால் ஆர்டித் மேப்பிள் சருகுகளை வாரிக்கொண்டிருந்தாள். ஓரின் எஞ்சினை அணைத்தார், இறங்கவில்லை. கோரின் இறந்த ஏப்ரலிலிருந்து ஆர்டித் தலைக்குச் சாயம் போடுவதில்லை. அவள் வாருகோலைக் கைமாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்றில் அந்த வெள்ளை முடி முகமெல்லாம் பறந்தது.