இரங்கல் தீர்மானம்

இரண்டு நகர் வளர்ச்சிக் குழுக்களை ஒன்றாக்க மூன்று மாதம் பிடித்தது. அதில் மூன்று வாரம் பெயருக்கே போயிற்று. பெத்தேல் நகர் முன்னால் வருவதா, சோலை நகர் முன்னால் வருவதா என்று பெரியவர்கள் டீ குடித்துக் குடித்துப் பேசினார்கள். கடைசியில் அகர வரிசை என்று சொல்லி சோலையை முன்னால் வைத்தார்கள். அதற்கு ஈடாகத் தலைவர் பதவி முதல் வருடம் பெத்தேல் நகருக்கு.

பாசம் பொங்கி யாரும் இணையவில்லை. கீழக்குயில்குடி சாலையின் இரண்டு பக்கமும் பிளாட்டுகள் பெருகிவிட்டன. மாநகராட்சி எல்லை விரியப்போகிறது, இனிமேல் பகுதிக்கு ஒரே குழு என்று வந்தால்தான் மனுவைக் கையில் வாங்குவோம் என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டார். தண்ணீர்க் குழாய் வேண்டும். சாக்கடை வேண்டும். அதனால் ஒற்றுமை வந்தது.

பெத்தேல் நகர்க் குழுவின் செயலாளர் ஜெர்சன். வயது முப்பத்தொன்று. பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தான். பிழையில்லாமல் எழுதுவான் என்பதற்காகவே அவனைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். இணைப்பு ஒப்பந்தத்தின் பதினான்கு அம்சங்களையும் அவன்தான் தட்டச்சு செய்தான். பதினான்காவது இப்படி இருந்தது: "எல்லைக் கற்கள் குறித்துப் பின்னர் பேசி முடிவெடுக்கப்படும்." அதை அடிக்கும்போது அவன் விரல் நடுங்கவில்லை. பதினொரு மாதமாக அவனுக்கு எதுவுமே நடுங்குவதில்லை.

கற்கள் மொத்தம் ஆறு. இரண்டு நகர்களும் ஒட்டுகிற இருபதடிச் சாலையின் குறுக்கே இடுப்புயரத்துக்கு நின்றன. சோலை நகரின் டிப்பர் லாரிகள் எங்கள் ரோட்டை உடைக்கின்றன என்று முதல் மூன்றை நட்டது பெத்தேல் நகர். அப்படியா சேதி என்று அதற்கு அடுத்த வாரமே ஓர் அடி தள்ளி இன்னும் மூன்றை நட்டது சோலை நகர். பைக் நுழையும். வேறெதுவும் நுழையாது.

பதினொரு மாதத்துக்கு முன்னால், அவன் மனைவி ஹெப்சிபாவுக்கு வீசிங் முற்றிய காலையில், சோலை நகர் வழியாக வந்த ஆம்புலன்ஸ் அந்தக் கற்கள் வரைதான் வந்தது. போனில் காட்டிய வழியில் கல் கிடையாது. "அண்ணே, இங்க கல்லு நட்டுருக்காக, சுத்தி வாரேன்" என்றார் டிரைவர். சுற்று என்றால் மெயின் ரோடு வரை திரும்பிப் போய், அடுத்த விலக்கில் நுழைந்து, குண்டும் குழியுமாக மூன்று கிலோமீட்டர். பக்கத்து வீட்டுக்காரர் பைக் எடுக்க, ஜெர்சன் அவளை நடுவில் இருத்திப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, கற்களை நோக்கி விரைந்தார்கள். அவர்கள் கல்லுக்குப் போனபோது ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் வீட்டுக்குக் கிளம்பியிருந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. நிமிரவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கல் நடும் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் அவனும் இருந்தான். போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கை தூக்கினார்கள், அவனும் தூக்கினான். வீட்டுக்கு வந்ததும் கூட்டத்தில் என்ன முடிவாச்சு என்று ஹெப்சிபா கேட்டாள். ஒண்ணுமில்ல என்றான்.

இணைப்புக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நான்கு மணிக்கு. கற்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், காலி மனை ஒன்றில் பந்தல் போட்டிருந்தார்கள். காலையில் சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டைகளோடு பெத்தேல் நகர்க்காரர்கள் ஒரு பக்கம், சோலை நகர்க்காரர்கள் மறுபக்கம். நடுவில் யாரும் சொல்லாமலே ஒரு வழி விழுந்திருந்தது. மேடையில் லூர்துராஜ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெத்தேல் நகர்த் தலைவர். பக்கத்தில் விருமாண்டி, சோலை நகர்த் தலைவர். நான்கு டிப்பரும் ஒரு ஜேசிபியும் வைத்திருப்பவர்.

எந்தக் கூட்டத்திலும் முதல் தீர்மானம் இரங்கல்தான். அதற்கு ஓட்டு கிடையாது. செயலாளர் வாசிப்பார், எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நிற்பார்கள், அமரலாம் என்று செயலாளர் சொன்னதும் அமர்வார்கள். ஹெப்சிபா பெயரைச் சேர்க்கலாம் என்று லூர்துராஜே சொல்லி, அகால மரணம் என்ற இரண்டு வார்த்தையோடு எழுதியும் கொடுத்திருந்தார். வாசிக்கச் சங்கடமாக இருந்தால் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார். நானே வாசிக்கிறேன் சார் என்று ஜெர்சன் சொல்லிவிட்டான்.

எல்லோரும் எழுந்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தான்.

"பெத்தேல் நகர் நான்காம் தெரு ஹெப்சிபா, வயது இருபத்தெட்டு, மூச்சுத்திணறி இறந்தார். அவருக்காக வந்த ஆம்புலன்ஸை மறித்தவை இரண்டு குழுக்களும் தீர்மானம் போட்டு நட்ட ஆறு கற்கள். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். அந்தக் கற்களை இந்தக் கூட்டம் முடிவதற்குள் பிடுங்குவது என்று தீர்மானித்து இக்கூட்டம் அஞ்சலி செலுத்துகிறது. ஒப்பாதவர்கள் உட்காரலாம்."

ஒருவரும் உட்காரவில்லை. ஒப்புதலாலா, வெட்கத்தாலா, அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றும் போயிற்று. யாருடைய போனோ பாட்டுப் பாடி அடங்கியது.

"தம்பி, ரெண்டு நிமிசம் ஆயிருச்சு" என்றார் லூர்துராஜ்.

"ஆயிருச்சு சார்."

அமரலாம் என்று அவன் சொல்லவில்லை.

விருமாண்டி தொண்டையைச் செருமினார். "இரங்கல் தீர்மானத்துல இப்பிடியெல்லாம் எழுதுற வழக்கம் இல்லையே மாப்ள."

"வழக்கம் இல்லைன்னா உக்காருங்கண்ணே."

விருமாண்டி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். உட்காரவில்லை. பந்தலின் கடைசியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. சோலை நகரில் மாவு மில் நடத்தும் முத்துத்தாய் திரும்பாமலே சொன்னாள்:

"உக்காருறவுக தாராளமா உக்காருங்க. அந்தப் பிள்ள மூஞ்சிய ஒருவாட்டி நெனச்சுக்கிட்டு உக்காருங்க."

நாற்காலிச் சத்தம் நின்றது.

எட்டு நிமிடம் கழித்து லூர்துராஜ் உட்கார்ந்தார். முட்டிவலி ஒரு பக்கம், மரியாதை போகிறதே என்ற எரிச்சல் ஒரு பக்கம். எதற்கும் முறை என்று ஒன்று உண்டு, பதினான்காவது அம்சத்தில் எல்லாம் பேசிக்கொள்ளலாம் என்று பொதுவாகப் பார்த்துச் சொன்னார். ஜெர்சன் தீர்மான நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தான்.

"என்ன எழுதுற?"

"உக்காந்தவங்க பேரு சார். உங்க பேருதான் முதல்ல."

லூர்துராஜ் அந்த நோட்டைப் பார்த்தார். அதிகாரி புரட்டப்போகிற நோட்டு. மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். எழுந்தவர் கோபத்தை விருமாண்டி பக்கம் திருப்பினார். உங்கள் மூன்றை எடுங்கள், எங்களுடையதை அப்புறம் எடுக்கிறோம் என்றார். முதலில் நட்டது யார் என்று விருமாண்டி கேட்டார். ரோட்டை உடைத்தது யார் என்று இந்தப் பக்கம் நாலு குரல் கிளம்பியது. நின்ற நிலையிலேயே இரண்டு நகரும் பழையபடி இரண்டாகப் பிரிந்தன.

ஜெர்சன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். சத்தம் போடவில்லை.

"யாரு முதல்ல, யாரு முதல்லன்னு நீங்க பேசினதுலதான் அவ செத்தா. இன்னும் அதையேதான் பேசுறீங்க. அவளுக்கு அஞ்சலி செலுத்த நிக்கிறப்பவே பேசுறீங்க."

விருமாண்டி போனை எடுத்தார்.

"மருது, ஜேசிபிய எடுத்துட்டு வாப்பா. கல்லு பிடுங்கணும்… எல்லாத்தையும்தான்."

ஜேசிபி வந்தது. கூட்டம் முழுவதும் கற்களின் இரு பக்கமும் போய் நின்றது. மருது ஜேசிபி வாளியின் பல்லைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினார். முதல் கல் பல்லைப் பிடுங்குவதுபோல் ஒரு சத்தத்தோடு வந்தது. மற்றவை அந்தச் சத்தம்கூடப் போடவில்லை. அவற்றை ஓர் அடி ஆழம்கூட நட்டிருக்கவில்லை. ஜெர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆறாவது கல் உருண்டு ஓரத்தில் விழுந்ததும் யாரோ கை தட்டினார்கள். அது பரவியது. லூர்துராஜ் தட்டினார், விருமாண்டியும் தட்டினார். நல்ல காரியம் நடந்த முகம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நல்லபடியா முடிஞ்சது தம்பி என்று யாரோ அவன் முதுகில் கை வைத்தார்கள்.

அந்தக் கையை அவன் தட்டிவிட்டான்.

"நாலு நிமிசம்" என்றான். குரல் அப்போதுதான் உடைந்தது. "ஆறு கல்லுக்கும் சேர்த்து நாலே நிமிசம். இம்புட்டுத்தான் வேலை. இதுக்கு எதுக்குக் கை தட்டுறீங்க?"

தட்டிய கைகள் அப்படியே நின்றன. எதிரே நின்ற விருமாண்டி கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

சோலை நகர்ப் பக்கமிருந்து கேஸ் சிலிண்டர் ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று வந்தது. அதன் டிரைவருக்குக் கூட்டம் எதற்கென்று தெரியாது. வழி திறந்திருப்பதைப் பார்த்து ஹாரன் அடித்தார். எல்லோரும் விலகினார்கள். ஜெர்சன் நடுரோட்டிலேயே நின்றான். இரண்டாவது ஹாரனுக்கும் நின்றான். மூன்றாவதுக்குத்தான் விலகினான்.