சாம்பிள் உடம்பு

ஆம்பூரில் தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். ஹரிணிக்குத் தடவவும் வேண்டாம். கண்ணாடி முன் நின்றால் போதும். இடுப்பு கழிவு, தொடை கழிவு என்று தன்னைத் தானே ஒதுக்கிவிடுவாள். இத்தனைக்கும் அந்தத் தோல் ஜாக்கெட் கம்பெனியில் மீடியம் சைஸ் என்றால் அவள் உடம்புதான். சாம்பிளை அவளுக்குப் போட்டுப் பார்த்து, சரியாக உட்கார்ந்தால்தான் கட்டிங் தொடங்கும்.

போன சாம்பிள் போட்டோவில் தன் வயிற்றைப் பார்த்ததிலிருந்து அவள் சாப்பாட்டைக் குறைத்திருந்தாள். தொளதொள சுடிதாருக்குள் யாருக்கும் தெரியவில்லை.

இன்று சாம்பிள் ஜாக்கெட்டின் ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது. கண்ணாடியில் முதல்முறையாக ஓர் அழகி நின்றாள்.

ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் சென்னையிலிருந்து வந்திருந்த சோபனா, ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"இவ்ளோ லூஸா இருக்கே, மாஸ்டர்?"

பேட்டர்ன் மாஸ்டர் ஷபீ அஹமது ஜாக்கெட்டை அளந்தார். வெட்டும் அளவு வரைந்த பேட்டர்ன் அட்டையை அளந்தார். பெண்ணை அளக்க அவர் கை நீளாது.

"அளவு கரெக்ட்டா கீது மேடம். ஏம்மா, உடம்பு இளைச்சியா?"

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல மாஸ்டர்" என்றாள் ஹரிணி. ஆமாம் என்றால் சாம்பிள் போட்டு நிற்கும் இந்த இடம் போய்விடும், தையல் மிஷின்தான் மிஞ்சும்.

"அப்ப பேட்டர்ன்தான் தப்பு," என்றாள் சோபனா. "சுத்தி ரெண்டு இஞ்ச் கம்மி பண்ணிட்டு இன்னிக்கே வெட்டுங்க. கப்பலுக்கு நாள் இல்ல."

மாஸ்டர் அட்டையில் புதுக் கோடு போட ஆரம்பித்தார். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். வெட்டிய தோல் வெட்டியதுதான்.

பக்கத்தில் நின்ற தையல்காரி மேகலா குரலைத் தாழ்த்தினாள்.

"உன் டிபன் பாக்ஸை தெனம் காலி பண்றது நான்தான்டி. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

ஹரிணிக்கு வேலூர்க் கடை ஒன்றின் டிரையல் ரூமில் வேறு கம்பெனி மீடியம் ஏறாமல் அழுதது நினைவுக்கு வந்தது. இப்போது எந்த ஊரிலோ எத்தனை பேருக்கு ஏறாமல் போகப்போகிறதோ. மாஸ்டரின் கத்தி அட்டையைத் தொட்டது.

"மாஸ்டர், வெட்டாதீங்க. நான்தான் இளைச்சுட்டேன்."

அவர் கத்தியை வைத்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே. இன்னா பேஜாரும்மா இது. ஜாக்கெட்டைக் கழட்டி மேகலாகிட்ட குடுத்துட்டு மிஷினுக்குப் போ."

மேகலாவுக்கு ஜாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. சோபனா தலையசைத்து, போன் பேச வெளியே போனாள். மேகலா கண்ணாடியைப் பார்த்து இடுப்பைக் கிள்ளிக்கொண்டாள்.

"ஏய், இதுல நான் குண்டா தெரியறேன்ல?"

மிஷினுக்குப் போகத் திரும்பிய ஹரிணி நின்றாள். அதே இடுப்பு, அதே வயிறு, தான் பட்டினி போட்டு விரட்டிய அதே அளவு. அடுத்தவள் மேல் அதில் ஒரு கழிவும் தென்படவில்லை.

"திரும்பு, பாக்கலாம்," என்று மறுபடி பார்த்தாள். அப்போதும் தென்படவில்லை.