நத்தை பிழைத்தால் பவளம்

மூன்றாவது நத்தையும் மல்லாந்துவிட்டது.

மெக்கானிக் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார். ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்த்தே நாற்பது வருஷத்தை ஓட்டியவர். எந்த மிஷினைத் திறந்தாலும் "எவனோ இதுல கை வச்சிருக்கான்" என்றுதான் ஆரம்பிப்பார். இது மிஷின்கூட இல்லை. இரண்டடி நீளத் தொட்டி, உள்ளே உப்புத் தண்ணீர், கொஞ்சம் மணல், நாலு கல், ஒரே ஒரு ஆரஞ்சு மீன். ஆனாலும் அதையேதான் சொன்னார்.

"கடைக்காரன் வேலை. சீக்கு நத்தையை நம்ம தலையில கட்டிட்டான்."

"போன தடவை மூணு, இந்தத் தடவை மூணு. ஆறுமா சீக்கு?" என்றாள் மனைவி. தையல் மிஷினை நிறுத்தாமலேதான் கேட்டாள். "மீன் மட்டும் ஜாலியா சுத்துதே, அது எப்படி?"

பதில் தெரியாத கேள்வி அவருக்கு ஆகவே ஆகாது.

இத்தனைக்கும் காரணம் அவளுடைய கடைவாய்ப் பல். அதைப் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி இருந்தது. கல் மாதிரி கிடந்த ஒன்று, பார்த்துக்கொண்டே இருக்கும்போது பூ மாதிரி விரிந்ததாம். பல்வலியே மறந்துபோச்சாம். பிடுங்கின பிறகும் இரண்டு தடவை அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். "அது கல்லா, பூவா, பூச்சியா? எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

டாக்டர் தொட்டிக்குச் செலவழித்ததைக் கேட்டபோது மெக்கானிக்குக்குக் காது அடைத்துவிட்டது. அதனால் எல்லாமே பழசாக வாங்கினார்கள். மூடிப்போன முடிதிருத்தும் கடையிலிருந்து தொட்டி. யாரோ வேண்டாமென்று போட்ட பம்ப்பும் விளக்கும். உப்பும் கல்லும் மட்டும்தான் வண்ணமீன் கடையில் வாங்கியவை. சமைக்க முடியாத மீனை விற்கிறவனை எப்படி நம்புவது என்று மெக்கானிக் வாசலிலேயே நின்றார். தண்ணீர் 'பழுக்க' ஐந்து வாரம் ஆகும், கல்லிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி அழுக்கைத் தின்னப் பழகவேண்டும் என்று கடைக்காரர் சொன்னபோது, "கண்ணுக்கே தெரியாதாம், அதுக்கு அஞ்சு வாரமாம்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் காத்திருந்தார்கள்.

அந்த விரிகிற கல்லுக்குப் பவளம் என்று பேராம். அதைக் கேட்டபோதுதான் கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார்:

"முதல்ல நத்தைங்கக்கா. நத்தை பத்து நாள் உயிரோட இருந்துச்சுன்னா, என் தொட்டியிலேருந்தே ஒரு துண்டு பவளம் சும்மா தர்றேன். இல்லைன்னா காசு கொட்டிக் கொடுத்தாலும் கிடையாது. அதுவும் ஒரு உசுரு. சாகறதுக்குன்னு அனுப்ப மாட்டேன்."

இப்போது ஆறு நத்தையும் போச்சு. பவளமும் போச்சு.

மனைவி மிஷினை நிறுத்தினாள். எழுந்துவந்து தொட்டி முன்னால் நின்றாள். "அந்த ஆளோட கடையில நத்தை சாகல. இங்க சாகுது. அங்க இல்லாத எது நம்ம வீட்டுல இருக்கு?"

"நீ" என்றார் மெக்கானிக்.

"அப்ப முதல்ல நீங்கதானே செத்திருக்கணும்" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மறுநாள் கடைக்குப் போனார். எதையும் கேட்கவில்லை. வாய்வார்த்தையை நம்புகிற ஆள் இல்லை அவர். தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். குழாய் பிளாஸ்டிக். குழாயைப் பிடித்திருந்த பட்டை பிளாஸ்டிக். வலையின் பிடி பிளாஸ்டிக். மூடியின் கீல்கூடப் பிளாஸ்டிக்.

"என்னங்க ஐயா, கடையை விலை பேசப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஏன்யா, தண்ணிப் பக்கம் ஒரு ஆணியைக்கூட விடலியே நீ?"

"உப்புத் தண்ணியாச்சே. இரும்பு துருப்பிடிச்சுக் கெடுக்கும். செம்பு அதைவிட மோசம், கரைஞ்சு இறங்கும். மீனு கொஞ்சம் தாங்கும். நத்தை, இறாலு, பவளமெல்லாம் தாங்கவே தாங்காது." கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏங்க, உங்க தொட்டியில செம்பு எதுவும் இல்லியே?"

"இல்ல" என்றார் மெக்கானிக்.

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

இருந்தது. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடேறியபோது, மேலே ஒரு சின்ன விசிறி வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "குளிர வைக்கிறதுக்கு எனக்கே பாடமா?" என்று இவர் ஒரு பழைய வாட்டர் கூலரைப் பிரித்து, கம்ப்ரஸரைப் பெஞ்சுக்கு அடியில் நிறுத்தி, செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி நேரே தண்ணீரில் இறக்கிவிட்டார். வைத்த டிகிரியில் அரை டிகிரி அசையாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மீனைக் காட்டமாட்டார், சுருளைத்தான் காட்டுவார்.

அவர் தொழிலில் அலுமினியம் கழுத்தறுக்கும், பிளாஸ்டிக் பாதியில் விட்டுவிட்டுப் போகும். செம்பு ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். மனுஷன் குடிக்கிற தண்ணீரே எத்தனையோ வீட்டில் செம்புக் குடத்தில்தானே இருக்கிறது! ஒரு நத்தைக்கு என்ன அவ்வளவு பவிசு?

கடைக்காரரை நம்பவில்லை. ஆனால் முதல் தடவையாகச் செம்பையும் முழுசாக நம்ப முடியவில்லை. அதுதான் குடைந்தது. இரண்டு நத்தையும், பாசி படர்ந்த இரண்டு குட்டிக் கல்லும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பின்வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட். இரண்டிலும் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர், ஒரே அளவு. ஒரே காற்று மோட்டாரிலிருந்து இரண்டுக்கும் குழாய். ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு நத்தை. இடது பக்கெட்டில் மட்டும் ஒரு சாண் செம்புக் குழாய்.

"என்ன இது, ரெட்டைக் குழந்தையா?" என்றாள் மனைவி.

"பக்கத்துல வராத. உன் கையில சோப்பு இருக்கும்."

"கை நீட்டவே இல்ல. கண்ணால பாக்கறதுக்கும் சோப்பா?"

முதல் நாள் இரண்டு நத்தையும் சுவரேறின. இரண்டாம் நாள் இடது பக்கெட்டுக்காரர் அடியிலேயே உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். தூங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் அது மல்லாந்து கிடந்தது. திருப்பி வைத்தார். மறுபடி சாய்ந்தது. வலது பக்கெட்டில் இருந்தது சுவரில் பாதி வட்டம் போட்டு, பாசியை நக்கி, போன வழியெல்லாம் கோடு போட்டிருந்தது.

மெக்கானிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு உள்ளே போய் கம்ப்ரஸரின் வயரைப் பிடுங்கினார். சுருளைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

"நான்தான்" என்றார்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பளபளன்னுதானே இருக்கு! எங்கேருந்து கரையுது?" என்றாள்.

"அதான் எனக்கும் தெரியல."

"கடைக்காரர்கிட்ட கேட்டா என்ன?"

"கேட்டேன். செம்பு இருக்கான்னு அவன் கேட்டான். இல்லைன்னுட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நத்தைக்குக்கூட முதுகுல ஓடு மட்டும்தான் கெட்டி. உங்களுக்கு உள்ளேயும் ஓடு."

எட்டு நாள் இழுத்தடித்தார். கம்ப்ரஸரைச் சுத்தம் பண்ணவேண்டும், முட்டி வலிக்கிறது, மழை வரும்போல இருக்கிறது. அதற்குள் தொட்டிக்கு மேலே ஒரு விசிறி ஏறிவிட்டது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில், பக்கெட் வைத்த பதினோராம் நாள் கடைக்குப் போய், "அன்னிக்கு நான் சொன்னது பொய். வந்து பாரு" என்றார். கடைக்காரர் எதுவும் கேட்காமல் கூடவே வந்தார்.

சுருளைப் பார்த்ததும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட்டியைப் பார்த்ததும் போய்விட்டது. "தண்ணியை மட்டும் மாத்தினா பத்தாதுங்க. கல்லும் மணலும் செம்பைக் குடிச்சிருக்கும். மாசக்கணக்கா கக்கிக்கிட்டே இருக்கும். மீன் இருந்துட்டுப் போகட்டும். பவளம் வேணும்னா கல்லு, மணலு எல்லாம் புதுசு. மறுபடி தண்ணி பழுக்கணும். அப்புறம் நத்தை."

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். மனைவி நேரே பின்வராந்தாவுக்கு நடந்தாள். "இங்க வாங்க தம்பி."

கடைக்காரர் போனார். வலது பக்கெட் சுவரில் நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

"நத்தை பத்து நாள் உயிரோட இருந்தா பவளம்னு சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேங்கக்கா, ஆனா..."

"இன்னிக்குப் பதினொண்ணு. தொட்டியிலதான் இருக்கணும்னு சொல்லவே இல்லியே!"

கடைக்காரர் பையிலிருந்து சீசா எடுத்து, பக்கெட் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு, அதில் சோதனை மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ தோற்றுப்போன மாதிரி.

அன்று சாயங்காலமே எலுமிச்சம்பழ அளவுக் கல்லொன்று வந்தது. பட்டன் பவளமாம். கையால் தொடக்கூடாது, விஷம் உண்டு, தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றவேண்டும், புதுத் தொட்டி தயாராகும்வரை பக்கெட்டிலேயே இருக்கலாம் என்றார் கடைக்காரர். தையல் மிஷின் விளக்கு பக்கெட்டுக்கு மேலே ஏறியது.

இரண்டு நாள் அது பழுப்பு அழுக்குமாதிரி கிடந்தது. "வெறும் கூழாங்கல்லைக் கொடுத்து அனுப்பிட்டான்" என்றார் மெக்கானிக்.

மூன்றாம் நாள் காலை, "என்னங்க!" என்று ஒரு சத்தம். பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடினார். கல் முழுக்கச் சட்டைப் பட்டன் அளவில் பச்சை வட்டங்கள், ஓரத்தில் மயிர்போல விளிம்பு.

"ஏழு" என்றாள் அவள், விரலால் எண்ணிக்காட்டி.

"ஆறுதான்."

"அந்தக் கல்லுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு, நல்லா குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். முழங்கால் பக்கெட்டில் இடித்தது. தண்ணீர் குலுங்கியது. ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக வாயைச் சுருக்கிக்கொண்டன.

"நாசமாப் போச்சு, நகருங்க!"

அவர் நகரவில்லை. வாயில் நுரையோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். உள்ளே போன் அடித்தது. யார் வீட்டு ஃப்ரிட்ஜோ.

"எடுக்கலியா?" என்றாள்.

"இரு" என்றார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. "திரும்பித் திறக்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாக்கணும்."