சருகுக்கு ஒரு பிரியாணி

தை பிறந்தால் போதும், சாஜிதாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பனி ஒரு காரணம். பக்கத்து குவார்ட்டர்ஸ் மரியஜோசப் இன்னொரு காரணம். அவர் வாசல் வாதாமரம் இலை உதிர்க்கிற மாதம் அது. காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் மனுஷன் சருகையெல்லாம் கூட்டிக் குவித்து, நெருப்பு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். புகை நேராக சாஜிதாவின் சமையலறை ஜன்னலுக்கு வந்து சேரும்.

"டவுன்ஷிப் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் கணவனிடம்.

அஷ்ஃபாக் சொல்ல மாட்டான். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற வேலை அவனுக்கு. ஷிஃப்ட் இடைவேளையில் செல்போனில் பொருளாதாரப் பேச்சுகளாகக் கேட்டுக் கேட்டு, ஒரு வருஷமாக வேறு ஆளாக ஆகியிருந்தான். அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது, காத்தும் தண்ணியும் காடும் சந்தை கைக்குப் போனால்தான் சுத்தமாகும் என்பது இப்போது அவன் கட்சி. அரசு கம்பெனியில் பெர்மனென்ட் வேலை, அரசு குவார்ட்டர்ஸ் என்று இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று அவள் கேட்டதற்கு, "அது வேற சாப்டர்" என்று முடித்துவிட்டான்.

"புகை விடுறது குத்தமில்ல சாஜிதா. புகைக்கு ஒரு விலை இல்லாததுதான் குத்தம். நானும் அவரும் நேரா பேசிக்கிட்டா முடிஞ்சிடும். ஆபீஸ் எதுக்கு?"

பேசினார்கள். மரியஜோசப் சருகை எரிக்கக் கூடாது. பதிலுக்கு ஞாயிறுதோறும் இந்த வீட்டிலிருந்து மட்டன் பிரியாணி போகும்.

"நீங்க சும்மா சொல்லியிருந்தாலே நிறுத்தியிருப்பேன்," என்றார் மரியஜோசப். "ஆனா பிரியாணின்னு வாய்விட்டுச் சொல்லிட்டீங்க. இனிமே வேணாம்னா மரியாதையா இருக்காது."

அந்த வாரம் முழுக்கப் புகை இல்லை. சாஜிதா ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தாள். அஷ்ஃபாக் நடையே மாறியிருந்தது.

அடுத்த வாரம் மரியஜோசப்புக்கு அடுத்த வீட்டு சக்கரபாணி துடைப்பமும் கையுமாக நின்றார். குடிவந்த நாளிலிருந்து அவர் வாசல் கூட்டி யாரும் பார்த்ததில்லை. இடுப்பளவு குவியல் சேர்த்துவிட்டு, மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கினார்.

"நாளைக்குக் கொளுத்தலாம்னு இருக்கேன்மா. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

அவர் கறி சாப்பிடாதவர். அதனால் கேசரி என்று முடிவாயிற்று, முந்திரி தூக்கலாக. எதிர்வீட்டு வினோலியாவின் வாசலில் மரமே கிடையாது. அவள் பூங்காவிலிருந்து சாக்கில் சருகு அள்ளி வந்து குவித்துவிட்டு, "அக்கா, எனக்கு சிக்கன் போதும்" என்றாள்.

"பாத்தியா, சந்தை விரியுது!" என்றான் அஷ்ஃபாக்.

"விரியுறது என் அடுப்பு. மூச்சு முட்டுறது புகையிலயா உங்க பிரியாணியிலயான்னு தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்களே செய்ங்க."

கொள்கை உள்ளவன் பின்வாங்குவானா? அண்டாவை ஏற்றினான். தம் போடுகிற பக்குவத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவன், அப்படியே வேறொரு பொருளாதாரப் பேச்சுக்குள் போய்விட்டான். அடி பிடித்துக் கருகி, ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை குபுகுபுவென்று வெளியேறி மரியஜோசப் வீட்டுக்குள் புகுந்தது. மனுஷன் இருமிக்கொண்டே ஓடி வந்தார்.

"சாரே, பிரியாணி போனா போவுது. இந்தப் புகைக்கு எங்களுக்கு என்ன தருவீங்க?"

அஷ்ஃபாக் அவசரமாக அடுப்பை அணைத்தான். சாஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இருமலுக்கு இல்லை.

மறுநாள் முத்தாண்டிக்குப்பத்துக் குழந்தைவேல் குட்டியானை வண்டியில் காய்கறி கொண்டு வந்தார். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சாஜிதாவைத் தாண்டி அவர் பார்வை குவியல்களின் மேல் போனது.

"இத்தினி சருவயும் வச்சிகினு என்னாங்க பண்றீங்க?"

"எரிக்காம இருக்கோம்," என்றாள் சாஜிதா.

"எரிக்கறதாங்க? எங்க கொல்லையில வெயில் வந்தா மண்ணு கொதிக்குது. செடி தூர்ல இதப் போட்டு மூடினா ஈரம் நிக்கும். குடுத்தீங்கன்னா வூட்டுக்கு எடுத்துகினு போறங்க."

சாஜிதா கத்திரிக்காயைக் கூடையில் போட்டாள். "சும்மா எப்பிடிங்க குடுக்கிறது? ஒரு சாக்குச் சருகுக்கு ஒரு பை காய் போடுங்க."

குழந்தைவேல் தலையைச் சொறிந்தார், போட்டார்.

செய்தி தெரு முழுக்கப் பரவ மத்தியானம்கூட ஆகவில்லை. அன்றோடு தீப்பெட்டிகள் ஒளிந்துகொண்டன. துடைப்பங்கள்தான் ஓயவில்லை. மரியஜோசப்பின் வாதாமரம் பாதி சக்கரபாணி வாசலுக்கு மேலேதான் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே இலைக்கு நின்றார்கள்.

"மரம் என் வாசல்ல நிக்குது."

"இலை என் வாசல்ல வுழுது."

நியாயம் சொல்ல அஷ்ஃபாக்கைக் கூப்பிட்டார்கள். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். "மொதல்ல உரிமை யாருதுன்னு தெளிவாகணும். உரிமை தெளிவானா சண்டையே வராது. மரம் யாருது?"

"குவார்ட்டர்ஸே கம்பெனியுது," என்றாள் வினோலியா. "மரம் மட்டும் எப்பிடி நம்மளுதாகும்?"

மரியஜோசப் ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஆபீஸுக்குத் தெரிந்தால் சருகுக்கும் டெண்டர் விட்டுவிடுவார்கள் என்று சக்கரபாணி மெதுவாகச் சொன்னார்.

சாஜிதாவும் மரியஜோசப்பின் மனைவி மேரிசெல்வியும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து, "கூட்டுறவங்களுக்கே இலை. பூங்கா இலை எல்லாருக்கும் பொது. வாரம் ஒருத்தர் கூட்டணும்," என்று மேரிசெல்வி அறிவித்தாள்.

"உழைப்பைக் கலந்தா உரிமை பொறக்கும்! இதைத்தான் நான் சொல்லிட்டே..." என்று அஷ்ஃபாக் துள்ளினான். கேட்க ஆள் இல்லை. அவரவர் துடைப்பத்தோடு அவரவர் மூலைக்குப் போயிருந்தார்கள்.

வண்டி வரும் நாள் அவரைக்காயும் முள்ளங்கியும் தெருவில் இறங்கின. மேரிசெல்வி மீன் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் அனுப்பினாள், எந்த ஒப்பந்தமும் இல்லாமல். சாஜிதா இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டு, சாயங்கால வெளிச்சத்தில் வாசல் கூட்டினாள். நெஞ்சு லேசாக இருந்தது.

அஷ்ஃபாக் படியில் நின்று அடுத்ததாகக் கொசுவுக்கு என்ன விலை வைக்கலாம் என்று ஆரம்பித்தான். அவள் சாக்கின் வாயை அவன் பக்கம் நீட்டினாள்.

"நல்லா விரிச்சுப் புடிங்க. இலை சிந்துது."