கம்பி நீட்டும் செயற்கைக்கோள்

பல்வலி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான் சின்னவள் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாள். பல் டாக்டரைப் பார்க்கப் போகிறவளுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று கணவன் கேட்கவில்லை. அவன் கேட்கிற ரகமும் இல்லை. அவள் வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது. மறுபடி வேலை தேடிப் போன இடங்களிலெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் வீடே கூடி ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதலை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. இதுவும் கைநழுவினால் இனி விண்ணப்பமே போடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். அது தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அக்கா.

அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். தெருமுனையில் பயிற்சிக் காரோடு காத்திருந்தாள். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எதிலாவது கொண்டுபோய் மோதுவதற்குள் சொல்லிக்கொடுப்பவர் மிதிக்க வேண்டுமே, அதற்காக. இன்று அந்த இருக்கையில் சின்னவள் உட்கார்ந்தாள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் ஒரு சைக்கிள் வந்தால் மிதித்தாள், சிக்னல் தூரத்தில் தெரிந்தாலே மிதித்தாள்.

"காலை எடுடி! வண்டிய நான் ஓட்டுறனா, நீ ஓட்டுறியா?"

"தானா போகுதுக்கா."

"உன் கால்தானே? சொல்லி வை அதுகிட்ட."

ரவுண்டானாவில் வண்டியை வளைத்துக்கொண்டே அக்கா தன் மாணவர் ஒருவரைத் திட்ட ஆரம்பித்தாள். வங்கி அதிகாரி, படித்த மனிதர், ஆனால் ரவுண்டானா என்றால் மட்டும் மூளையைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்துவிடுவார் என்றாள். "முதல்ல வண்டிய நேரா விட்டுடுறாரு. அப்புறம்தான் ஸ்டியரிங்கத் திருப்புறாரு. கொஞ்சம் போறது, அப்புறம் திருப்புறது. ஒவ்வொரு சுத்துக்கும் வெளிய, வெளிய, கடைசில பிளாட்பாரத்து மேல! திருப்பிட்டுப் போங்க சார், போயிட்டுத் திருப்பாதீங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன். கேட்டாத்தானே?"

சின்னவள் 'உம்' கொட்டினாள். காது மட்டும்தான் அங்கே இருந்தது. மனசு பையில் பென் டிரைவில் இருந்த அந்தக் கணினி நிரலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வேலை ஒரு கோளரங்கத்தில். அங்கே வாசலில் வைக்கப்போகும் பெரிய திரைகளுக்கு நிரல் எழுத ஆள் வேண்டுமாம். தேர்வுக்கு வருகிறவர்கள் மாதிரி நிரல் ஒன்று எழுதிக் கொண்டுவர வேண்டும்: நடுவில் பூமி, அதைச் சுற்றி ஒரு செயற்கைக்கோள், ஈர்ப்பு விசையைத் தானே கணக்கிட்டு ஓட வேண்டும். நேர்முகத் தேர்வு நடக்கும்போதே அது திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வட்டம் ஒன்றை வரைந்து அதன்மேல் புள்ளியை நகர்த்துகிற ஏமாற்று வேலை செல்லாது.

அவள் நேர்மையாகத்தான் எழுதினாள். ஒவ்வொரு கணமும் பூமிக்கும் கோளுக்கும் எவ்வளவு தூரம் என்று பார். தூரம் இரட்டிப்பானால் இழுப்பு கால்வாசி. அந்த இழுப்பு கோளின் வேகத்தைக் கொஞ்சம் பூமிப் பக்கமாகத் திருப்பும். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பியே அது சுற்றி வரும். மொத்தத்தில் விழுந்துகொண்டே இருந்து, ஒவ்வொரு தடவையும் தரையைத் தவறவிடுகிற பொருள். முதன்முதலாக அது சுற்றியபோது அவள் அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினாள். ஏழு வருடத்தில் தனக்கென்று அவள் கைதட்டிக்கொண்டது அன்றுதான்.

ஆனால் அது வட்டத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மயிரிழை அளவு விலகியது. விட்டால் திரையின் விளிம்பைத் தாண்டிக் கம்பி நீட்டிவிடும். சூத்திரத்தைத் தலைகீழாகச் சரிபார்த்தாள், ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில் கோள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் சின்னஞ்சிறிதாக்கிப் பார்த்தாள். விலகல் குறைந்தது, போகவில்லை. வீட்டு மடிக்கணினி கிழடு, அதில் ஒரு சுற்று முடிவதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். தேர்வு முடிகிறவரை தாங்கும் என்று பூசி மெழுகிவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேஸ்பாரைத் தட்டினால் கோள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்படி ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

கோளரங்கத்து அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருவர் இருந்தார்கள். ஒருவர் இயக்குநர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற அம்மாள். இன்னொருவர் வானியலாளர், கடுமையான ஜலதோஷம், கையில் கைக்குட்டை. பெரிய திரை அவர்களுக்கு முதுகுப் பக்கம் சுவரில் இருந்தது. நிரலை அந்த அறைக் கணினியில் ஏற்றி, விசைப்பலகையைச் சின்னவள் முன்னால் வைத்தார்கள். ஆக, திரையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

ஓட விட்டாள்.

அது புத்தம் புதுக் கணினி. வீட்டில் ஆடி அசைந்து வந்த கோள் இங்கே மின்விசிறி மாதிரி சுழன்றது. நிரல் எந்தக் கணினியில் ஓடினாலும் ஒரே வேகத்தில் ஓடும்படி கடிவாளம் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஒரே ஒரு கிழட்டுக் கணினியோடு குடித்தனம் நடத்தியதில் அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. வீட்டில் ஒரு பகல் முழுக்க நடக்கும் விலகல் இங்கே அவள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நடந்துகொண்டிருந்தது.

"முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஒரு ஆஸ்பத்திரிக்கு பில் போடுற சாப்ட்வேர் எழுதினேன் மேடம்." கோள் திரை விளிம்பை முட்டப் போனது. இயக்குநர் தாளைப் பார்க்கக் குனிந்த நேரம், சின்னவள் ஸ்பேஸ்பாரைத் தட்டினாள். கோள் நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்கு வந்தது.

"ஏன் விட்டீங்க?"

"குழந்தை பிறந்துச்சு. ஒரு வருஷம்னுதான் விட்டேன். அப்புறம் அது..." கோள் மறுபடி விலகியது. "அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா நீண்டுபோச்சு."

வானியலாளர் தும்மினார். அந்தச் சந்தடியில் இரண்டாவது தடவை தட்டினாள். இப்படிக் கள்ளத்தனமாகத் தட்டித் தட்டி வாங்குகிற வேலையை நாளைக்கு எந்த முகத்தோடு செய்வது என்று அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது. ஆனாலும் விரல் ஸ்பேஸ்பாரை விட்டு நகரவில்லை. வேலை வேண்டும். அவ்வளவு வேண்டியிருந்தது.

"ஏழு வருஷம் சின்ன இடைவெளி இல்ல," என்றார் இயக்குநர். "ஈடுகொடுக்க முடியும்னு நினைக்கிறீங்களா?"

கோள் மூன்றாவது தடவையாக வெளியே, வெளியே போய்க்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் அவள் வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக் ஒன்றை ஓங்கி மிதித்தது.

மிதித்த காலோடு அக்காவின் குரலும் வந்தது. திருப்பிட்டுப் போங்க சார், போயிட்டுத் திருப்பாதீங்க.

சின்னவள் ஸ்பேஸ்பாரிலிருந்து விரலை எடுத்தாள். நிரலில் இழுப்பைக் கணக்கிட்டதும் கோள் முதலில் நகர்ந்துவிடுகிறது. நகர்ந்த பிறகுதான் அந்தப் பழைய இழுப்பு அதன் வேகத்தைத் திருப்புகிறது. ஒவ்வொரு அடியும் பழைய திசையில் நேராகப் போய்விட்டு, பிறகு திருப்பம். வங்கி அதிகாரி எப்படிப் பிளாட்பாரத்தில் ஏறினாரோ அப்படியே இதுவும் ஏறுகிறது. சூத்திரம் சரி. இரண்டு வரி இடம் மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்!

"மேடம், தயவுசெஞ்சு பின்னாடி திரும்பிப் பாருங்க," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். கோள் அப்போதுதான் திரையின் மூலையில் கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

"எங்க போச்சு?" என்றார் இயக்குநர்.

"ஓடிப்போச்சு மேடம். வந்ததுலேருந்து ஓடிட்டுதான் இருக்கு. நீங்க பாக்காதப்ப ரெண்டு தடவை ஸ்பேஸ்பாரைத் தட்டி நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன்." மிச்சம் வைக்காமல் போட்டு உடைத்தாள். "விலகும்னு வீட்டுலயே தெரியும். காரணம் இப்பதான் தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் குடுங்க."

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு வரிகளையும் இடம் மாற்றினாள். முதலில் இழுப்பு வேகத்தைத் திருப்பட்டும், திரும்பிய அந்த வேகத்தோடு கோள் நகரட்டும். கடிவாளத்தையும் போட்டாள். கோள் பூமியைச் சுற்றி ஒரு கோடு வரைந்தது. அடுத்த சுற்றில் அதே கோட்டின் மேலேயே போனது. அதற்கடுத்த சுற்றிலும் அதேதான்.

வானியலாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "படிக்கிற காலத்துல நான் பூமியையே சூரியன்கிட்டேருந்து தொரத்தி விட்டிருக்கேன்மா. இதே வரிசைத் தப்புதான்."

இயக்குநர் சிரிக்கவில்லை. "தெரிஞ்சே மறைச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"இங்க வாசல்ல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இது தனியா நிக்கணும். யாரும் பக்கத்துல உக்காந்து தட்டிட்டிருக்க மாட்டாங்க." அவர் எழுந்தார், விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினார், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாங்க சாப்பிட்டுட்டு வரோம். அது ஓடட்டும். வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

வெளியே தாழ்வாரத்தில் அக்கா இருந்தாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? உளறிக் கொட்டிட்டு வந்திருக்கே!" திட்டிவிட்டு அவளாலும் உட்கார முடியவில்லை. கதவில் பதித்த கண்ணாடி வழியாகப் போய்ப் போய் எட்டிப் பார்த்தாள். "இருக்குடி. இன்னும் அங்கேயேதான் சுத்துது. வந்து பாரேன்."

"வேணாம்க்கா."

"பயமா?"

"இல்ல. இருக்கும்." சின்னவள் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் சும்மா கிடந்தது. "பசிக்குதுக்கா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

அக்கா பையில் துழாவிக் கொடுத்த பிஸ்கட்டை அவள் தின்று முடிப்பதற்குள் இயக்குநர் திரும்பி வந்துவிட்டார். அவர் கதவுக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு வந்து, கக்கத்தில் இருந்த விசைப்பலகையை எடுத்துச் சின்னவள் மடியில் வைத்தார்.

"திங்கட்கிழமை வந்துடுங்க. அந்த ஸ்பேஸ்பார் வரியை மட்டும் முதல்ல எடுத்துடுங்க."

இருவரும் காரில் ஏறினார்கள். ரவுண்டானாவை அக்கா வேண்டுமென்றே இரண்டு தடவை சுற்றினாள், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். அப்போது கைப்பேசி அடித்தது. கணவன்.

"என்னாச்சு, பல்லைப் புடுங்கிட்டாங்களா?"

"இல்ல," என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "என்னை வேலைக்குச் சேத்துக்கிட்டாங்க."



"பல் டாக்டர்கிட்டயா?" என்றான் அவன்.